களவு போன கன்னம்

1

"இது எங்க அம்மா இல்ல!"

தங்கம் மஹாலின் மணமேடையிலிருந்து கிளம்பிய அந்த அலறல், பந்திக் கூடத்தைத் தாண்டி, பாத்திரம் கழுவும் இடம் வரை போய்த் திரும்பி வந்தது.

ஸ்டோர் ரூமை நோக்கிப் பூனைநடை போட்டுக்கொண்டிருந்த டெனிஸ், கையிலிருந்த அட்டைப்பெட்டியைத் தன் கால் மேலேயே போட்டுக்கொண்டான்.

வலித்தது.

கத்த முடியாது. கத்தினால் 'பெட்டியை எங்கே கொண்டு போகிறாய்?' என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை.

கறுப்பு ஜிப்பாவைச் சரிசெய்துகொண்டு, நொண்டியபடி மணமேடைக்கு ஓடினான். (ஜிப்பா புதுசு. ஓவியக் கண்காட்சிக்கு டிசைன் செய்கிறவன் இப்படித்தான் இருப்பான் என்று யாரோ யூடியூபில் சொல்லியிருந்தார்கள்.)

வழக்கமாக மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் இடத்தில், சுவரில் ஒரு பெரிய படம். அதற்கு முன்னால் சத்யபிரியா. அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. வாழ்க்கையில் இதுதான் முதல் கண்காட்சி. கொஞ்ச நேரத்தில் திறப்பு விழா.



"என்ன ஆச்சு டீச்சர்?"

"பாருங்க அண்ணே... நீங்களே பாருங்க. யாரோ என் படத்தக் களவாண்டுட்டு, போலியக் கொண்டாந்து மாட்டியிருக்காங்க."

டெனிஸ் பார்த்தான்.

பருத்திக் காட்டில் ஒரு பெண் நிற்கிறாள். மடியில் பருத்தி. பின்னால் கரிசல் நிலம். எல்லாம் சரி.

முகம்தான்...

சத்யபிரியா வரைந்த படத்தில், அந்த அம்மாளின் இடது கன்னத்தில் தொடங்கிக் கழுத்து வரை ஒரு தீத்தழும்பு இறங்கும். கல்யாணத்துக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை பார்த்தபோது பட்ட தீ. அந்தத் தழும்பை மட்டும் ஒரு கோடை முழுக்க வரைந்தவள் சத்யபிரியா. பார்த்தவர்கள் யாரும் அந்தப் படத்தை விட்டுச் சட்டென்று நகர்ந்ததில்லை.

இப்போது சுவரில் இருந்தவளுக்குத் தழும்பே இல்லை. கன்னம் மொழுமொழுவென்று, பவுடர் விளம்பரத்துக்கு வந்தவள் மாதிரி இருந்தது.



அந்த முகத்தை டெனிஸுக்குத் தெரியும்.

அந்த முகத்தைச் செய்ததே அவன்தான்!

2

இந்த இடத்தில் ஒரு பிணம் விழுந்திருந்தால் கதைக்கு நன்றாக இருக்கும். விழவில்லை. இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். கொஞ்சம் பின்னால் போவோம்.

டெனிஸ் பதினைந்து வருடமாக பிளக்ஸ் டிசைன் செய்கிறவன். கோவில்பட்டியில் பாதிப் பேருக்குக் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாமே அவன் கம்ப்யூட்டர் வழியாகத்தான் நடந்தன. ஆனால் பிளக்ஸில் மாப்பிள்ளை பெயர் இருக்கும். தாய்மாமன் பெயர் இருக்கும். கூலிங்கிளாஸ் போட்ட நண்பர்கள் வரிசையாக இருப்பார்கள். டிசைன் செய்தவன் பெயர் மட்டும் இருக்காது. விசேஷம் முடிந்த மறுநாள் அந்த பிளக்ஸ் யார் வீட்டு ஆட்டுக்கொட்டகைக்கோ கூரையாகப் போய்விடும்.

தன் பெயரை அச்சில் பார்க்க வேண்டும். டெனிஸின் ஒரே ஆசை அதுதான். ஆட்டுக்கு மேலே இல்லாமல், ஒரு புத்தகத்தில்.

அந்த நேரத்தில்தான் தங்கப்பாண்டியன் கூப்பிட்டார். தங்கம் மஹாலின் முதலாளி.

"ஏலே டெனிஸு, மார்கழி பூரா கல்யாணம் கிடையாது. மண்டபம் சும்மாதான கெடக்கு? நம்ம சத்யா டீச்சரு படத்தையெல்லாம் மாட்டி ஒரு கண்காட்சி வச்சிருவோம். பேப்பர்ல வரும். நீ புக்கு, பத்திரிகை எல்லாம் பாத்துக்கோ."

டெனிஸுக்குத் தலை கிறுகிறுத்தது.

"அண்ணாச்சி, இதுக்கு விஷுவல் ஐடென்டிட்டி பண்ணணும்."

"அப்படின்னா? ஆதார் கார்டா?"

"இல்ல அண்ணாச்சி. கண்காட்சிக்குன்னு ஒரு முகம். ஒரு கலரு, ஒரு எழுத்து... பத்திரிகைல இருந்து வாசல் போர்டு வரைக்கும் எல்லாம் ஒரு தாய் பிள்ளைங்க மாதிரி இருக்கணும்."

"சரி. அதுல என் போட்டோவும் வரட்டும்."

"அண்ணாச்சி, இது ஆர்ட் எக்ஸிபிஷன்."

"அதுக்குத்தாம்ல சின்னதாக் கேக்கேன்."

கண்காட்சிக்குப் பெயர் 'கரிசல்'. அசல் கரிசல் நிறம் வேண்டும் என்று டெனிஸ் மழை பெய்த மறுநாள் காட்டுக்குப் போய் ஒரு கை மண் அள்ளி வந்து, ஈரத்தோடு ஸ்கேனர் மேல் வைத்தான். நிறம் கிடைத்தது. ஸ்கேனர் செத்தது. கோடையில் மண் வெடிப்பது மாதிரி எழுத்துகளை வெடிக்க வைத்தான். வெடிப்பு சரியாக வரவில்லை என்று நாலு தடவை அழித்து எழுதினான். உள்ளதைச் சொல்ல வேண்டும், அட்டை நன்றாகவே வந்திருந்தது. அதன் நடுவில் 'அம்மா' படம்.

சத்யபிரியா எல்லாப் பக்கங்களையும் பார்த்துச் சரி என்று சொன்னாள்.

அங்கேயே விட்டிருக்கலாம்.

சிவகாசி பிரஸ்ஸுக்கு அனுப்புவதற்கு முன்னால் டெனிஸ் ஒரே ஒரு தடவை ஃபைலைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து ஒரு கிறிஸ்துமஸ் பிளக்ஸ் பார்ட்டி போன் செய்தது. காதில் போன், கையில் மவுஸ், கண் முன்னால் ஒரு முகம்...

பதினைந்து வருடப் பழக்கம். மூஞ்சியைக் கண்டால் கை சும்மா இருக்காது. பரு இருந்தால் எடுக்கும். கறுப்பு இருந்தால் வெளுக்கும். தழும்பு இருந்தால் தடவும். போனில் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு எந்தப் பக்கம் மான் என்று பேசி முடிப்பதற்குள் கை தன் வேலையை முடித்துவிட்டது. பேசி முடித்தவன் பார்க்காமலேயே ஃபைலை அனுப்பிவிட்டான்.

புத்தகப் பெட்டிகள் நேற்று மாலையே நேராக மண்டபத்துக்கு வந்து இறங்கியிருந்தன. டெனிஸ் பார்த்தது இன்று காலையில்தான். ஒரு புத்தகத்தை எடுத்து முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டினான். 'வடிவமைப்பு: டெனிஸ், கோவில்பட்டி.' முத்தம் கொடுத்தான்.

பிறகு அட்டையைப் பார்த்தான்.

மண்டபம் சுற்றியது. பெட்டிகளை ஸ்டோர் ரூமில் ஒளித்துவிட்டு, 'லாரி இன்னும் வரல' என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தான். முதல் பெட்டியைத் தூக்கி நாலு அடி வைத்தபோதுதான் அந்த அலறல்.

3

சத்யபிரியா போன் செய்ததும் வந்த சப்-இன்ஸ்பெக்டர் ஆஸ்லின் ஜீப்பிலிருந்து இறங்கிய வேகத்தில் மண்டபத்தின் வாழைமரமே ஒதுங்கி நின்றிருக்கும். மார்கழி என்பதால் வாழைமரம் இல்லை.

"யாரு முதல்ல பாத்தது?"

"நான்தான் மேடம்," என்றாள் சத்யபிரியா. "நேத்து மத்தியானம் நானே மாட்டிட்டுப் போனேன். அப்பம் எங்க அம்மாதான் இருந்தா. இப்பம் வந்து பாத்தா யாரோ இருக்கா."

"ஒரு கன்னம்தானே வித்தியாசம்?"

"மேடம், அந்தக் கன்னம்தான் படமே."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். ஆஸ்லின் அதற்குமேல் அதைக் கேட்கவில்லை.

"மண்டபச் சாவி யாருகிட்ட?"

"நம்மகிட்டதான்," என்று முன்னால் வந்தார் தங்கப்பாண்டியன். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "மேடம், இது ஒரு விஷயமே இல்ல. சீப் கெஸ்ட் மெட்ராஸ்ல இருந்து வந்துகிட்டிருக்காவ. படம் நல்லாத்தான இருக்கு? புக்குல இருக்குத மாதிரியேதான இருக்கு?"

"எந்தப் புக்கு?"

"அந்தா... டெனிஸு உக்காந்திருக்கான்லா, அந்தப் பெட்டிக்குள்ள."

எல்லாரும் திரும்பினார்கள்.

டெனிஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். ஜிப்பாவை விரித்து, நாலு பக்கமும் மூடி, முட்டையிடுகிற கோழி மாதிரி.

"எழும்புங்க," என்றாள் ஆஸ்லின்.

"கால்ல அடி மேடம். நிக்க முடியல."

"ஏட்டய்யா, அவர அப்படியே தூக்கி அந்தச் சேர்ல வைங்க."

தூக்கி வைத்தார்கள். பெட்டி திறந்தது. ஆஸ்லின் ஒரு புத்தகத்தை எடுத்து அட்டையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி அட்டை. மறுபடி சுவர்.

ரெண்டும் ஒரே முகம். தழும்பு இல்லாத கன்னம். மூக்குத்தியில் பாதியைக் காணோம். அதுவும் அச்சுப் பிசகாமல் ரெண்டிலும்.

சத்யபிரியாவும் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போனது.

"டெனிஸ் அண்ணே... நான் பாத்துச் சரின்னு சொன்ன படம் இது இல்லையே?"

டெனிஸ் தரையைப் பார்த்தான். மொசைக் தரை. பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"புக்கு எப்பம் அச்சுக்குப் போச்சு?" ஆஸ்லின் கேட்டாள்.

"போன வாரம் மேடம்."

"போன வாரமே இந்தப் போலிப் படம் புக்குல இருக்கு. அப்பம் போன வாரமே போலி தயார். அத போட்டோ எடுத்து அட்டையில போட்டிருக்கீங்க. நேத்து சாயங்காலம் வந்து மாத்தி மாட்டியிருக்கீங்க. இன்னைக்குப் புக்கப் பெட்டியோட ஒளிக்கப் பாத்திருக்கீங்க." நாற்காலியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள். "ஒரிஜினல எங்க வித்தீங்க?"

அருமையான துப்பு. எல்லாக் கண்ணியும் பொருந்தியது. டெனிஸே ஒரு நொடி, 'நாமதான் திருடியிருப்போமோ?' என்று யோசித்தான்.

அவன் முன்னால் இருந்தது இரண்டே வழி. திருடன் என்று ஒப்புக்கொள்வது. இல்லையென்றால், ஒரு ஓவியத்துக்கு பவுடர் அடித்தவன் என்று ஒப்புக்கொள்வது.

திருடன் என்றாலும் ஒரு கெத்து உண்டு. சர்வதேச ஓவியக் கடத்தல், கோவில்பட்டி டிசைனர் கைது... போட்டோவில் ஜிப்பா எடுப்பாகத் தெரியும். இன்னொன்று வெளியே தெரிந்தால் இந்த ஜென்மத்தில் எவனும் அவன் கையில் ஒரு படத்தைக் கொடுக்க மாட்டான். பெயரை அச்சில் பார்த்த சந்தோஷம் ஒரு காலை நேரத்தோடு சரி.

சத்யபிரியா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை நின்று, நம்ப முடியாமல் பார்க்கிற பார்வை. அதை அவனால் தாங்க முடியவில்லை.

"நான் களவாங்கல மேடம்," என்றான். "நான்... வெளுத்தேன்."

"என்னத்த?"

"அந்த முகத்த. கம்ப்யூட்டர்ல. தழும்ப நான்தான் அழிச்சேன். தெரிஞ்சு செய்யல. கை பழக்கத்துல போயிருச்சு."

 

ஆஸ்லின் கண்களைச் சுருக்கி அவனைப் பார்த்தாள். மெதுவாக அவள் முகத்தில் வேறு ஒரு கோபம் ஏறியது. இது உத்தியோகக் கோபம் இல்லை.

"இரும்... டெனிஸ் கிராபிக்ஸா? என் கல்யாண பிளக்ஸ் அடிச்சது நீருதானா?"

"மேடத்துக்கு நானா அடிச்சேன்?"

"நல்லா அடிச்சீரு. என் மச்சம், என் கலரு, என் மூக்கு ஒண்ணையும் விடல. சர்ச் வாசல்ல அந்த பிளக்ஸப் பாத்துட்டு, உள்ள வந்து என்னையும் பாத்துட்டு, எங்க மாமியா என்ன கேட்டாவ தெரியுமா? 'அக்கா வந்துட்டா, பொண்ணு எப்பம் வருவா?'ன்னு கேட்டாவ!"

ஏட்டு சிரிப்பை அடக்கத் திரும்பி நின்றார்.

"இவரு சொல்லுதது உண்மைதான்," என்றாள் ஆஸ்லின் கசப்போடு. "இந்தக் கைக்கு அது வழக்கம்."

ஆனால் சத்யபிரியா சிரிக்கவில்லை.

"உங்ககிட்ட யாருண்ணே கேட்டா?" என்றாள் மெல்ல. "எங்க அம்மா பஸ்ல ஏறினா சேலையால கன்னத்த மூடிக்கிட்டுத்தான் உக்காருவா. ஒரு போட்டோவுக்கு நின்னது கிடையாது. என் முன்னால உக்கார வைக்கவே நான் எவ்வளவு கெஞ்சினேன். அந்தத் தழும்ப நாலு பேரு மரியாதையாப் பாக்கணும்னுதான் வரைஞ்சேன். நீங்க ஒரு நிமிஷத்துல தொடச்சுட்டீங்க."

டெனிஸுக்கு அவள் அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

4

"சரி," என்று ஆஸ்லின் மறுபடி போலீஸானாள். "புக்குல இவரு அழிச்சாரு. சுவத்துல எப்படி அழிஞ்சுது? இவரு ஃபைலப் பாத்து எவனோ போலி வரைஞ்சிருக்கான். ஃபைல் யாருக்கெல்லாம் போச்சு?"

"பிரஸ்ஸுக்கு. அப்புறம்... அண்ணாச்சிக்கு."

தங்கப்பாண்டியன் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்திலேயே மறுபடி வேர்த்தது.

"நம்மள ஏம்ல இழுக்க?"

"மெட்ராஸ்ல இருந்து ஒரு ஆளு இந்தப் படத்த விலைக்குக் கேட்டாருன்னு நீங்கதான அண்ணாச்சி சொன்னீங்க?"

"கேட்டாரு. டீச்சரு தரமாட்டேன்னுட்டா. அதோட விட்டாச்சு."

"விட்டாச்சா?" ஆஸ்லின் அவர் பக்கம் ஒரு எட்டு வைத்தாள். "இல்ல, மண்டபத்துச் சாவிய வச்சு..."

அதற்குள் சத்யபிரியா நாற்காலி போட்டு ஏறிவிட்டாள். படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள்.

"போலின்னா முதுகுல தெரிஞ்சிரும் மேடம். என் படத்துக்குச் சட்டம் எங்க வீட்டுப் பழைய கட்டில் காலு. நானே அறுத்து அடிச்சது. அத எவனாலயும் போலி செய்ய..."

படத்தைத் திருப்பினாள்.

நிறுத்தினாள்.

பின்பக்கம் கறுத்த பழைய மரம். ஒரு மூலையில் கட்டிலின் துளை. அவள் கோணலாக அடித்த ஆணி. அவள் கையெழுத்து.

"இது என்னுது..." என்றாள்.

முன்பக்கம் திருப்பினாள்.

"இது என்னுது இல்ல..."

மறுபடி திருப்பினாள்.

"என்னுது..."

ஏட்டு சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். அவர் இந்து. அந்த நேரத்துக்கு அதுதான் வந்தது.

பின்னால் அசல். முன்னால் போலி. ஒரே படம்!

டெனிஸ் நொண்டிக்கொண்டு கிட்டே போனான். பதினைந்து வருடமாக முகங்களுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தவன். அந்தக் கன்னத்தின் மேல் மூக்கை வைத்து முகர்ந்தான்.

"டெனிஸ், என்ன பண்ணுதீங்க?"

"மேடம், இது ஆயில் பெயிண்ட் வாசன இல்ல. மண்டபம் பூரா அடிக்கே, அதே வாசன. பொங்கலுக்கு அடிக்காங்கல்லா... சுவத்துப் பெயிண்ட்."

ஒரு விரலை நாக்கில் தொட்டு, அந்தக் கன்னத்தின் ஓரத்தில் மெல்லத் தேய்த்தான். விரல் வெள்ளையாக வந்தது. தேய்த்த இடத்தில், நகத்தளவு, தழும்பின் பழுப்பு தெரிந்தது.

சத்யபிரியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

களவு போகவில்லை. உள்ளேயேதான் இருந்தாள்!

ஆஸ்லின் தங்கப்பாண்டியனைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சும்மா பார்த்தாள்.

"நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன்!" என்று வெடித்தார் அவர். "நேத்துச் சாயங்காலம் புக்கு வந்துச்சு. பாக்கேன், புக்குல ஒரு மூஞ்சி, சுவத்துல ஒரு மூஞ்சி. மெட்ராஸ்காரங்க வந்து பாத்தா நம்மள என்ன நினைப்பாங்க? கோவில்பட்டிக்காரனுக்கு ஒரு புக்கு ஒழுங்காப் போடத் தெரியலன்னு நினைப்பாங்கல்லா?"

"அதுக்கு?"

"புக்கு மொத்தமும் அச்சாகிருச்சு. அத மாத்த முடியுமா? படம் ஒண்ணுதான? அதத் திருத்திட்டேன்."

 அதில் ஒரு நியாயம் இருப்பது போல ஒரு நொடி தோன்றியதுதான் கொடுமை.

"திருத்துனது யாரு?"

தங்கப்பாண்டியன் வாசலைக் காட்டினார். வெளியே ஏணி மேல் நின்று, மண்டபத்து வளைவில் இருக்கும் கஜலட்சுமிக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தார் பேச்சிராஜா. ஊரில் பாதிச் சுவர் விளம்பரம் அவர் எழுதியது.

"பேச்சிராஜா, எறங்கி வாரும்!"

வந்தார். காதில் பிரஷ். படத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் பெருமை.

"என்ன மேடம், கலரு பத்தலையா? இன்னொரு கோட்டு அடிக்கவா?"

"இத எதப் பாத்து அடிச்சீரு?"

"புக்கப் பாத்துத்தான். அண்ணாச்சி 'ஒரு நூல் பிசகக்கூடாது'ன்னுட்டாவ. மூக்குத்தி பாதிதான் இருந்துச்சு. எனக்கே சந்தேகம். ஆனா படிச்சவங்க போட்ட புக்கு, அதுல ஒரு அர்த்தம் இருக்கும்னு அதையும் பாதியாக்கிட்டேன்." டெனிஸைத் திரும்பிப் பார்த்தார். "தம்பிதான் டிசைனா? நல்ல கை தம்பி."

டெனிஸின் கலை வாழ்வில் கிடைத்த முதல் பாராட்டு அது. அதை வாங்கி எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

5

"தண்ணியில போயிரும் டீச்சர்," என்றார் பேச்சிராஜா, விஷயம் புரிந்ததும் குன்றிப்போய். "காஞ்சு இறுகல. ஈரத் துணியால பைய ஒத்தி எடுத்தா கீழ உள்ளதுக்கு ஒண்ணும் ஆகாது."

ஏட்டு வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். சத்யபிரியா துணியை நனைத்துப் பிழிந்தாள். டெனிஸ் படத்தைப் பிடித்துக்கொண்டான். 

"புக்குக்கு என்ன பண்ணுதது?" என்று முனகினார் தங்கப்பாண்டியன்.

"எரிச்சுருங்க," என்றாள் சத்யபிரியா.

டெனிஸ் பெட்டியைப் பார்த்தான். எரியட்டும். தன் பெயரோடு சேர்ந்து எரியட்டும். தகும்.

"நானே எரிக்கேன் டீச்சர்," என்றான்.

துணி கன்னத்தைத் தொடப் போன நேரம்...

"ஏட்டி சத்யா..."

வாசலில் ஒரு குரல்.

சொர்ணத்தாய் நின்றுகொண்டிருந்தாள். சத்யபிரியாவின் அம்மா. விளாத்திகுளம் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். நீலச் சேலையின் முந்தானை வழக்கம்போல இடது கன்னத்தை மூடியிருந்தது. மகள் வரைந்த இந்தப் படத்தை அவள் இதுவரை பார்த்ததில்லை. வரையும்போது பார்க்க மாட்டேன் என்று பிடிவாதமாக முகத்தைத் திருப்பிக்கொண்டவள்.

"அம்மா, இப்பம் வராத. கொஞ்சம் வெளிய இரு..."

அவள் வந்துவிட்டாள். படத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"பாக்காதம்மா. அது நீ இல்ல. தப்பா ஆயிருச்சு, இப்பம் தொடச்சிருவேன்..."

சொர்ணத்தாய் பார்த்துக்கொண்டே இருந்தாள். முந்தானையைப் பிடித்திருந்த கை தானாக இறங்கியது. தழும்பு வெளியே தெரிவதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

ஆஸ்லின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது.

"சின்னப் பிள்ளையில கேட்டுக்கிட்டே இருப்பியே," என்றாள் சொர்ணத்தாய். "தீ படுததுக்கு முன்னாடி எப்படிம்மா இருந்தன்னு. ஒரு போட்டோ கூட இல்லையேன்னு அழுவியே."

"ஆமா."

"இந்தா... இப்படித்தான் இருந்தேன்."

சத்யபிரியாவின் கையிலிருந்த துணி சொட்டியது.

"இவ்வளவு செவப்பு இல்ல," என்றாள் சொர்ணத்தாய். "ஆனா கன்னம் இதுதான். எனக்கே மறந்துபோச்சு தாயி."

சத்யபிரியா அம்மாவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இனி ஒரு தடவை பார்க்கக் கிடைக்காது என்பது போலப் பார்த்தாள். பிறகு அழுதாள். மண்டபத்தில் இத்தனை பேர் நிற்கிறார்களே என்று பாராமல் அம்மாவின் தோளில் முகம் வைத்து அழுதாள்.

டெனிஸும் அழுதான். ஜிப்பாவில் கண்ணைத் துடைத்தான். சாயம் போகிற ஜிப்பா. முகம் கறுத்தது.

"அப்பம் தொடைக்கவா... வேண்டாமாம்மா?"

சொர்ணத்தாய் இன்னும் ஒரு தடவை படத்தைப் பார்த்தாள்.

"தொடச்சிரு," என்றாள். "நீ உக்காந்து வரைஞ்சதுதான் சுவத்துல இருக்கணும். வாரவங்க அதப் பாக்கட்டும். ஆனா அந்தப் புஸ்தகத்த எரிக்காத. அதுல இந்த மூஞ்சி கெடக்கட்டும். வீட்டுல வச்சு நான் பாத்துக்கிடுதேன்."

துணி இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை கரைந்து, பழைய கன்னம் வெளியே வந்தது. சொர்ணத்தாய் அதையும் நின்று பார்த்தாள். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை.

ஆஸ்லின் தொப்பியை மாட்டினாள்.

"களவு இல்ல. கேஸும் இல்ல. அண்ணாச்சி, இனிமே ஒரு படத்துகிட்டயும் பெயிண்ட் டப்பாவோட போகாதீங்க. டெனிஸ், நீங்க..." கொஞ்சம் யோசித்தாள். "நல்லது செஞ்சீங்களா கெட்டது செஞ்சீங்களான்னு எனக்கு இன்னும் பிடிபடல. பிடிபட்டா ஆளனுப்புதேன்."

வாசலில் கார் சத்தம். சீப் கெஸ்ட் வந்துவிட்டார். தங்கப்பாண்டியன் மாலையோடு ஓடினார்.

டெனிஸின் நெஞ்சு மெல்ல நிமிர ஆரம்பித்தது. புத்தகம் தப்பித்தது. கடைசிப் பக்கத்தில் பெயரும் தப்பித்தது. அது மட்டுமா? ஒரு தாய்க்குத் தொலைந்த முகத்தையே திருப்பிக் கொடுத்திருக்கிறான். இதெல்லாம் எல்லா டிசைனருக்கும் வாய்க்குமா? சீப் கெஸ்டிடம் இரண்டு வார்த்தை பேசலாம் என்று தொண்டையைச் செருமினான்.

"டீச்சர், டிசைன்ங்கிறது என்னன்னா..."

சொர்ணத்தாய் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்துப் பிரித்திருந்தாள். ஒரு பக்கம் புரட்டினாள். இன்னொரு பக்கம் புரட்டினாள். புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். தூரக் கொண்டுபோனாள்.

டெனிஸுக்கு அந்த கிறிஸ்துமஸ் போன் எவ்வளவு நீளமாகப் போனது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஏட்டி சத்யா," என்றாள் சொர்ணத்தாய். "மத்ததெல்லாம் சரி... நம்ம எருமை எப்பம்டி பசுமாடு ஆச்சு?"